மறு: ‘சேஃப் ஹார்பர்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘பாதுகாப்பான துறைமுகம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே ஐயா, படித்ததும் மனத்தில் நிற்கிறது.

பயனர்கள் ஏற்றுவதற்குத் தளத்தைப் பொறுப்பாக்காமல் சட்டம் தரும் சலுகைதானே ‘சேஃப் ஹார்பர்’. துறைமுகம் என்றால் மனத்தில் நிற்கிறது, சரிதான். ஆனால் துறைமுகத்துக்குள் வந்துவிட்டால் அப்புறம் கவலையில்லை என்ற எண்ணத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. சட்டம் அவ்வளவு தாராளம் காட்டவில்லை. அமெரிக்காவின் டிஜிட்டல் காப்பிரைட் சட்டமான டிஎம்சிஏ (1998), 512ஆம் பிரிவைப் பாருங்கள். பயனர் ஏற்றிய திருட்டுப் பாட்டுக்காகத் தளம் இழப்பீடு கட்ட வேண்டாம். ஆனால் தெரிந்தவுடன் நீக்க வேண்டும். தடுக்கும் அதிகாரத்தையும் கையில் வைத்துக்கொண்டு, அந்த மீறலிலிருந்தே நேரடியாகக் காசு பார்த்தால் பாதுகாப்பு போச்சு.

விளம்பரம் வந்து சிக்குவது இங்கேதான். டி-சீரிஸ் இசை நிறுவனம், தன் பாட்டுகளைப் பயனர்கள் ஏற்றியதற்காக மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தின் மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு நல்ல உதாரணம். பாட்டோடு விளம்பரத்தைச் சேர்த்துக் காட்டுவதையும் ஒரு காரணமாக எடுத்துக்கொண்டு, 2011இல் தனி நீதிபதி மைஸ்பேஸுக்கு எதிராக உத்தரவிட்டார். 2016 டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. விளம்பரம் சேர்வது தானியங்கி வேலை, பாட்டில் யாரும் கைவைக்கவில்லை, ஆகவே நம் நாட்டு ‘சேஃப் ஹார்பர்’ ஆன தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு பொருந்தும் என்றது. அதோடு விடவில்லை: இன்னின்ன பாட்டு என்று உரிமையாளர் குறிப்பிட்டுச் சொன்னால் 36 மணி நேரத்துக்குள் நீக்கியாக வேண்டும் என்றும் சொன்னது. இத்தனை ‘ஆனால்’ உள்ள சலுகைக்குத் துறைமுகம் எப்படிப் பொருந்தும்?

இடையில் நிற்கும் தளத்தை (இன்டர்மீடியரி) ‘இடையர்’ ஆக்கி, போன மடலில் அக்கா சொன்ன ‘இடையர் காப்பு’ சுருக்கம்தான். இடையர் என்றால் ஆடு மேய்ப்பவர்தான் முதலில் நினைவுக்கு வருவார், அது கிடக்கட்டும். ‘காப்பு’தான் பெரிய சிக்கல். காப்புரிமை என்பதைப் பேட்டன்டுக்கும் எழுதுகிறார்கள், காப்பிரைட்டுக்கும் எழுதுகிறார்கள். அதே பத்தியில் இன்னொரு காப்பு வந்தால் வாசகர் தொலைந்தார்.

என் பரிந்துரை ‘பொறுப்புவிலக்கு’. வரிவிலக்கு என்றதுமே ‘யாருக்கு, என்ன நிபந்தனை’ என்று கேட்பது நமக்குப் பழக்கம். இங்கும் அதே கேள்வி எழ வேண்டும். ‘பொறுப்புத்துறப்பு’ (டிஸ்கிளெய்மர்) போலவே இருக்கிறதே என்பீர்கள். துறப்பது தளம் தானே எழுதி ஒட்டிக்கொள்ளும் வாசகம், விலக்கு சட்டம் கொடுப்பது. முழுப்பெயர் தேவைப்படும் இடத்தில் ‘இடையீட்டாளர் பொறுப்புவிலக்கு’.

இன்னொன்றும் பாக்கி. ஏற்றிய பாட்டு யாருடையது என்று தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பாட்டை நீக்காமலே விளம்பர வருவாயை உரிமையாளர் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம் அல்லவா, அதற்கு ‘வருவாய்க் கோரல்’ என்று இப்போதைக்கு எழுதி வருகிறேன். ‘கோரல்’ கொஞ்சம் மொட்டையாகத் தெரிகிறது. வேறு தோன்றினால் எழுதுங்கள்.