புதுப்பிப்பு: துப்பதாஹா போய் வந்தாச்சு

பிலிப்பைன்ஸின் துப்பதாஹா பவளத்திட்டில், படகிலேயே தங்கி ஸ்கூபா (மூச்சுக் கருவியோடு கடலுக்கடியில் நீந்துவது) செய்யும் பயணம் பற்றி இங்கே கேட்டிருந்தேன். நீரோட்டத்தைச் சமாளிக்க முடியுமா என்பதுதான் என் பெரிய பயம். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நீரோட்டம் பலம்தான். ஆனால் அதை எதிர்த்து நீந்த வேண்டியதில்லை. பவளச் சுவரை ஒட்டி அது இழுக்கும் போக்கிலேயே போகிறோம், படகு பின்னால் வந்து ஏற்றிக்கொள்கிறது. அதனால் மேலே வரும்போது அடையாளம் காட்டும் மிதவை கட்டாயம் கையில் இருக்க வேண்டும். புதிதாகக் கற்றவர்கள் வேறு இடங்களில் பழகிவிட்டு வருவதே நல்லது என்பேன்.

மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரைதான் சீசன். படகு கிளம்பும் புவெர்த்தோ பிரின்செசா நகரிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர், இரவு முழுக்கப் படகு ஓடும். வாந்தி மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்தச் சுறாக்கள்! பாரை மீன் கூட்டம் வேறு. 1988இல் தேசியப் பூங்காவான இடம், மீன்பிடிக்க முழுத் தடை. காவலர்கள் நடுக்கடலில், ஒரு மணல்திட்டில் மாதக்கணக்கில் தங்கிக் காவல் காக்கிறார்கள். நாம் கட்டும் நுழைவுக் கட்டணம் பாதுகாப்புக்குப் போகிறது. ஒரு பைசாகூட வீணில்லை.

விமானம் பற்றிக் கேட்டவருக்கு: பல நாள் தொடர்ந்து டைவ் செய்தால் கடைசி டைவுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது. டிக்கெட்டை அதற்கேற்பப் போடுங்கள்.