புதுப்பிப்பு: பெரிய பர்னரில் மஞ்சள் தீ, ஜெட் மாற்றியாச்சு

காரைக்குடி வீட்டு அடுப்பில் பெரிய பர்னர் மட்டும் மஞ்சளாக எரிந்து, பணியாரச் சட்டி அடியில் கரி பிடிக்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். காற்றுத் துளையில் அடைப்பு என்றுதான் பலரும் சொன்னீர்கள். கேஸும் காற்றும் கலந்து பர்னருக்குப் போகும் கலவைக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது உண்மை. ஆனால் கழுவிக் காயவைத்த பிறகும் தீ மாறவில்லை.

உண்மையான கோளாறு ஜெட்டில், அதாவது கேஸ் வெளிவரும் சிறு துளையுள்ள பித்தளைத் திருகில். ஊக்கால் குத்திக் குத்தித் துளை பெரிதாகியிருந்தது. கேஸ் கூடுதலாக வரும், அதற்கேற்ற காற்று சேராது; அதனால்தான் மஞ்சள் தீயும் கரியும். தயவுசெய்து பித்தளை ஜெட்டில் ஊசி, ஊக்கு எதையும் விடாதீர்கள்.

ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறியபின் பர்னரையும் கலவைக் குழாயையும் எடுத்து, சரியான அளவு ஸ்பேனரால் ஜெட்டைக் கழற்ற வேண்டும். பெரிய பர்னருக்கும் சின்னதுக்கும் துளை அளவு வேறு, பழையதைக் கடைக்குக் கொண்டுபோய் அதே மாடலுக்கு உரியதை வாங்குங்கள். முதலில் கையால் திருகிவிட்டு, ஸ்பேனரால் லேசாக இறுக்கினால் போதும். அழுத்தினால் மரை போய்விடும்.

அடுப்பின் திருகு குமிழை மூடியபடி ரெகுலேட்டரைத் திறந்து, ட்யூப் இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பார்க்கணும். குமிழி வந்தால் பற்றவைக்கக் கூடாது, கேஸ் கசிவு அவசர எண் 1906-ஐ அழையுங்கள். இப்போது தீ முழு நீலம்.