மூளைக் கட்டிக்கு வெப்பச் சிகிச்சை: காணியை விற்றுப் போகலாமா?

வெள்ளவத்தையான்:
அத்தானுக்குக் கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்று. சத்திரசிகிச்சை முடிந்து, மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கதிர்ச்சிகிச்சையும் டெமோசோலமைட் என்ற கீமோ குளிசையும் நடக்கின்றன. கட்டியை 40 முதல் 43 பாகை வரை சூடாக்கி, கூடவே கீமோதெரபி கொடுக்கும் தனியார் நிலையங்கள் ஜெர்மனியில் இருக்கின்றன. சூடுபட்ட புற்றுக்கலம் மருந்தால் சிதைந்த தன் மரபணுவைச் சரிசெய்யத் திணறும். தசை, கொழுப்பு போன்ற மென்இழையங்களில் வரும் சார்க்கோமாப் புற்றில் 341 பேரை வைத்து இதை நிரூபித்தும் விட்டார்கள். மூளைக்கு மட்டும் ஏன் தயக்கம்? ஊர்க்காணியை விற்க வீட்டில் எல்லோருக்கும் சம்மதம்.

கொட்டாஞ்சேனை அக்கா:
தம்பி, அவசரப்படாதீர்கள். நான் புற்றுநோய் வார்டில் தாதி. தொடையில் வரும் சார்க்கோமா சூட்டில் வீங்கினால் வீங்குவதற்கு இடமிருக்கிறது, மண்டையோட்டுக்குள் இடமில்லை. உங்கள் அத்தான் இப்போதே டெக்சாமெதசோன் எடுப்பார். முகம் உப்பியிருக்கும், நள்ளிரவில் எழும்பிச் சோறு கேட்பார். அந்த மருந்து வீக்கத்தை அடக்கத்தான். அதற்கு மேல் சூடா?

டெமோசோலமைட்டுக்கு 2005இல் 573 பேரின் ஆய்வு சாட்சி. கதிர்ச்சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் (பாதிப்பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 12.1 மாதம், குளிசையும் சேர்த்தவர்களுக்கு 14.6. வெப்பத்தோடு கீமோ சேர்த்தால் மூளைக் கட்டிக்குப் பலன் என்று அந்த அளவில் எந்த ஒப்பீட்டு ஆய்வும் நிறுவவில்லை.

வெள்ளவத்தையான்:
இரண்டரை மாதம் அக்கா! அதோடு திருப்தி கொள்ளச் சொல்கிறீர்களா? 1998இல் கலிபோர்னியாவில் இதே நோயுள்ள 79 பேரை ஆராய்ந்தார்கள். கட்டிக்குள் கதிரியக்க விதையோடு (கதிர்வீசும் சிறு துணுக்கு) சூட்டையும் வைத்தவர்களின் இடைநிலை வாழ்நாள் 85 வாரம், சூடில்லாதவர்களுக்கு 76 வாரம். இரும்பு ஒட்சைட்டு நுண்துகளைக் கட்டியில் செலுத்திக் காந்தப்புலத்தால் சூடாக்கும் முறைக்கு ஐரோப்பா 2010இலேயே அனுமதி கொடுத்தது.

கொட்டாஞ்சேனை அக்கா:
இரண்டிலும் வெப்பத்துக்குத் துணை கதிர்வீச்சுத்தான், கீமோ அல்ல. நுண்துகள் ஆய்வில் ஒப்பிடுவதற்கு மறுதரப்பு நோயாளிகளே இல்லை. அந்த இரும்பு தலைக்குள் தங்கிவிடுவதால் எம்.ஆர்.ஐ. படம் கெட்டுப்போகிறது. கட்டி திரும்ப வளர்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது? காந்தப்புலத்தில் உலோகம் சூடேறும் என்பதால் பல்லில் அடைத்த உலோகத்தையும் முதலில் அகற்ற வேண்டும். அந்த நுண்துகளை விற்ற நிறுவனம் 2022இல் நொடித்தும் போனது.

தெஹிவளை வாசகர்:
இருவரும் இரத்த-மூளைத் தடுப்பைப் பற்றிப் பேசவில்லையே. பெரும்பாலான கீமோ மருந்துகள் மூளைக்குள் நுழைய முடியாமல் நிற்பது அங்கேதான். எம்.ஆர்.ஐ. வழிகாட்டலில் லேசர் இழையைச் செருகிக் கட்டியைச் சுட்டெரித்தால், சுற்றியுள்ள தடுப்பு சில வாரங்கள் திறந்திருக்கிறது. அந்த இடைவெளியில் டொக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தைக் கொடுத்து அமெரிக்காவில் ஆராய்ந்திருக்கிறார்கள். வெப்பமும் கீமோவும் சேர்வதில் எனக்கு நம்பிக்கை தருவது இது ஒன்றுதான். ஆனாலும் அது ஆய்வு. காசு கொடுத்து வாங்கும் சிகிச்சை அல்ல.

கொட்டாஞ்சேனை அக்கா:
அதை ஏற்கிறேன். தம்பி, கதிர்ச்சிகிச்சையை நடுவில் நிறுத்திவிட்டு மட்டும் விமானம் ஏறாதீர்கள். கட்டியில் எம்.ஜி.எம்.டி. என்ற மரபணுப் பரிசோதனை செய்தார்களா என்று வைத்தியரிடம் கேளுங்கள். டெமோசோலமைட் எவ்வளவு உதவும் என்பது அதில் ஓரளவு தெரியும்.

வெள்ளவத்தையான்:
நாளை கேட்கிறேன். கதிர்ச்சிகிச்சை முடியும்வரை எங்கும் போகமாட்டோம். ஆனால் காணி விற்கும் பேச்சை நான் கைவிடவில்லை அக்கா. அத்தானின் பிள்ளைகள் இருவரும் இன்னும் பள்ளிக்கூடம் போகிறவர்கள்.