தோள் ஆபரேஷன்: மூச்சிரைப்பு உள்ளவருக்கு எந்த நரம்பு ஊசி?

பாம்பனில் இருக்கிறோம். அப்பாவுக்கு 62 வயது. விசைப்படகில் வழுக்கி விழுந்ததில் வலது தோளில் தசைநார் கிழிந்துவிட்டது. அடுத்த வாரம் ஆபரேஷன். பல வருடமாக மூச்சிரைப்பு, இன்ஹேலர் எடுக்கிறார்.

கழுத்துப் பக்கம் போடும் மரப்பு ஊசி, மூச்சு விட உதவும் உதரவிதானத் தசைக்குப் போகும் நரம்பையும் சில மணி நேரம் மரத்துப்போக வைத்துவிடும். அதனால் வேண்டாம் என்கிறார் மயக்க மருந்து டாக்டர். அது நியாயம்தான். ஆனால் வெறும் மாத்திரையோடு முதல் இரவை அவர் தாங்க மாட்டார். இதே ஆபரேஷன் செய்த மாமா படுக்க முடியாமல் உட்கார்ந்தே விடிய வைத்தார்.

தோளுக்குப் போகும் சூப்ராஸ்கேபுலர், ஆக்ஸிலரி என்ற இரண்டு நரம்புகளுக்கு மட்டும் அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போட்டால் மூச்சு அவ்வளவாகப் பாதிக்காதாம். இராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் விசாரித்தோம், அந்த வசதி இல்லை என்றார்கள்.

மதுரைக்குள் இந்த முறையில் ஊசி போடும் மருத்துவமனை எது?