அவரையில் அசுவினி: எலுமிச்சைப்புல் எண்ணெய் அடிக்கலாமா?

கொளத்தூர் மாடி:
மொட்டை மாடி அவரை பந்தல் ஏறிப் பூ வைத்திருக்கிறது. நுனித் தளிரிலும் பூங்கொத்திலும் சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சியான கறுப்பு அசுவினி அப்பிக் கிடக்கிறது. கீழ் இலைகளைத் தொட்டால் பிசுபிசுப்பு, எறும்பு வேறு வரிசை கட்டுகிறது. வேப்பெண்ணெய் வாடை மாமியாருக்கு ஒத்துக்கொள்ளாது. வீட்டில் எலுமிச்சைப்புல் எண்ணெய் இருக்கிறது. அடிக்கலாமா?

ஆவடி அவரைக்காய்:
முதலில் ஹோஸ் பைப்பால் இலைக்கு அடியில் நன்றாகப் பீய்ச்சுங்கள். பாதி உதிர்ந்துவிடும்.

பெரம்பூர் பசுமை:
தாராளமாக அடிக்கலாம் அக்கா. ஆனால் இது பட்ட பூச்சியைத்தான் கொல்லும். வேப்பெண்ணெய் போல இலையில் தங்காது, சீக்கிரமே ஆவியாகிப் போய்விடும். அதனால் மேலோட்டமாகத் தெளித்துப் பயனில்லை. இலையைத் திருப்பி, தளிரின் இடுக்கில் அசுவினி நனையும்படி அடிக்க வேண்டும்.

ஒரு லிட்டருக்கு 2 மில்லி எண்ணெய் போதும். எண்ணெய் தண்ணீரில் கலக்காது, மிதக்கும். மிதக்கும் எண்ணெய் பட்ட இடமெல்லாம் தளிர் கருகும். ஆகவே 5 மில்லி காதி சோப் கரைசலில் முதலில் எண்ணெயை விட்டு, பால் மாதிரி வெளுக்கும்வரை குலுக்குங்கள், அப்புறம் தண்ணீர். போர் தண்ணீர் வேண்டாம். நம்ம ஊர் உப்புத் தண்ணீரில் சோப் திரிந்து தயிராகிவிடும், ஸ்பிரேயர் அடைத்துக்கொள்ளும். மெட்ரோ தண்ணீர் பிடித்து வையுங்கள்.

வெயில் தாழ்ந்த பிறகு ஒரே ஒரு கிளையில் அடித்து, இரண்டு நாள் பாருங்கள். இலை ஓரம் கருகாவிட்டால் முழுக் கொடிக்கும் அடிக்கலாம். கிராம்பு எண்ணெய் இன்னும் காரம், அதில் இருக்கும் யூஜெனால் என்ற பொருள் பூச்சியின் நரம்பையே பிடிக்கும். ஆனால் தளிரும் தாங்காது. அவரைக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன்.

மூன்று நாள் கழித்து மறுபடி அடித்தே ஆக வேண்டும். அசுவினிக்கு ஆணே தேவையில்லை. பெண்ணே குட்டி போடும், அந்தக் குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தானும் குட்டி போடும். தப்பித்த நாலைந்து போதும்.

இன்னொன்று, வாசனைக்காக விற்கும் பாட்டிலை நம்பாதீர்கள். ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டு மறுநாள் பாருங்கள். சமையல் எண்ணெய் போலக் கறை நின்றால் வேறு எண்ணெய் கலந்தது.

மடிப்பாக்கம் மல்லி:
மாடிக்குப் பூனை வருமா? இந்த எண்ணெய்களைப் பூனையின் கல்லீரல் சரியாகச் செரிக்காது. ஈர இலையில் உரசிவிட்டு உடம்பை நக்கினால் ஆபத்து. காயும்வரை மாடிக் கதவைச் சாத்தி வையுங்கள்.

கொளத்தூர் மாடி:
பக்கத்து வீட்டுப் பூனை மதில் தாண்டி வரும், காவல் இருக்கிறேன். ஒரு இலையில் கறுப்பு உடம்பும் ஆரஞ்சுப் புள்ளியுமாக ஒரு புழு ஓடுகிறது. அதையும் கொல்ல வேண்டுமா?

பெரம்பூர் பசுமை:
ஐயோ, வேண்டாம் அக்கா! அது பொறிவண்டின் குஞ்சு, அசுவினிதான் அதற்குச் சாப்பாடு. எண்ணெய் பட்டால் அதுவும் செத்துவிடும். அந்தக் கிளையை விட்டுவிட்டு மற்றதில் அடியுங்கள். பந்தல் கம்புகளின் அடியில் கிரீஸ் தடவுங்கள். எறும்பு ஏறினால் பொறிவண்டை அசுவினிப் பக்கமே அண்டவிடாது.