எஸ்கேடி 11: வயர் கட் மெஷினில் வெடித்த பிளேட்டும் மற்ற கதைகளும்

பிறை, டூல் ரூம்

ஸ்டாம்பிங் டை (தகட்டை அழுத்தி வெட்டும் அச்சு) வேலையில் இருக்கும் நம்மவர்கள் பினாங்கில் குறைவில்லை. எஸ்கேடி 11 என்ற டூல் எஃகில் பட்டதைக் கொஞ்சம் எழுதுங்கள். முதலில் நானே எழுதுகிறேன்.

ஐம்பது மில்லி கனத்தில் ஒரு டை பிளேட். ஹீட் ட்ரீட்மெண்ட் முடிந்து 61 எச்ஆர்சி (ராக்வெல் ஹார்ட்னஸ், கடினத்தின் அளவு) என்ற சீட்டோடு வந்தது. ராத்திரி ஷிஃப்டில் வயர் கட் மெஷினில் (மெல்லிய கம்பியில் மின்பொறி விட்டு வெட்டுவது) ஏற்றினார்கள். நடுவில் ஜன்னல் மாதிரி பெரிய திறப்பு, முக்கால்வாசி வெட்டியாகிவிட்டது. 'டக்'கென்று ஒரு சத்தம், வயர் அறுந்து மெஷின் நின்றது. பிளேட்டைத் தூக்கித் துடைத்துப் பார்த்தால் ஜன்னல் மூலையிலிருந்து விளிம்புவரை மயிரிழை விரிசல். தவுக்கே (முதலாளி) சப்ளையரைத் திட்ட, சப்ளையர் ஹீட் ட்ரீட்மெண்ட்காரரைக் கைகாட்ட, அவரோ "கேட்ட ஹார்ட்னஸ் கொடுத்துட்டேனே பாஸ்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆபீஸிலிருந்து போன ஆர்டரில் '60–62' என்பதைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை.

ஜூரு, பழைய டை மேக்கர்

தம்பி, விஷயம் அந்தச் சீட்டில் இல்லாத வரியில்தான் இருக்கிறது. இந்த எஃகை 1,020, 1,030 டிகிரிக்குச் சூடேற்றிக் காற்றிலேயே ஆறவிட்டால் போதும், கெட்டியாகிவிடும். அதன் பிறகு டெம்பர் செய்ய, அதாவது மறுபடி குறைவாகச் சூடேற்றி இறுக்கத்தைத் தணிக்க, இரண்டு வழி உண்டு. 200 டிகிரிக்குப் பக்கத்தில் செய்தால் 60–62 வரும். 500-க்கு மேலே, 520 வாக்கில், இரண்டு மூன்று தடவை செய்தால் 58–60 வரும். ஹார்ட்னஸ் மெஷினில் குத்திப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் உள்ளே இருக்கும் இழுவிசை ஒன்றல்ல. குறைந்த சூட்டில் டெம்பர் செய்த பிளேட் முறுக்கேறிய ஸ்பிரிங் மாதிரி. நடுவில் பெரிய துண்டை வெட்டி எடுத்தால் அந்த இழுவிசை எங்கேயாவது வெளியே வந்துதான் ஆகும். கூர்மையான மூலை கிடைத்தால் அந்த வழியாக வந்துவிடும்.

அதனால் வயர் கட்டுக்குப் போகிற பிளேட் என்றால் ஆர்டரிலேயே 'ஹை டெம்பர், குறைந்தது ரெண்டு தடவை, அடுத்து வயர் கட்' என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு பாயிண்ட் ஹார்ட்னஸ் குறையும். பரவாயில்லை, பிளேட் மிஞ்சுமே!

அதோடு, ஜன்னலை ஹீட் ட்ரீட்மெண்டுக்கு முன்பே ரஃப்பாக வெட்டி, சுற்றிலும் சில மில்லி மட்டும் விட்டு வையுங்கள். ரஃப் வேலை நிறைய என்றால் நடுவில் 650 டிகிரியில் ஒரு ஸ்ட்ரெஸ் ரிலீவ் (உள் இழுவிசையைத் தணிக்கும் சூடு) செய்து, உலையிலேயே மெதுவாக ஆறவிடுங்கள். மூலைக்கு ரேடியஸ் (வளைவு) கொடுங்கள். பிளேட் விளிம்பிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு போகாமல், ஸ்டார்ட் ஹோல் போட்டு உள்ளேயே சுற்றி வாருங்கள். ஒரே ஓட்டத்தில் முடிக்காமல் இரண்டு மூன்று ஸ்கிம் கட் (மெல்லிசாகச் சீவும் வெட்டு) விடுங்கள். முதல் வெட்டில் உருகி உறைந்த வெள்ளைத் தோல் ஒன்று முகத்தில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் அதில்தான் தொடங்கும்.

பாயான் லெப்பாஸ், சிஎன்சி மில்லிங்

அண்ணன் சொன்னது கெட்டியான பிறகு நடக்கிற கதை. கெட்டியாகும் முன்பே எங்களை அழவைக்கிற எஃகு இது. வரும்போது 255 பிரினெலுக்குள்தான் (ஹார்ட்னஸின் இன்னொரு அளவு) இருக்கும், சாஃப்ட் என்றுதான் பெயர். ஆனால் கார்பன் ஒன்றரை சதவீதம், குரோமியம் 12 சதவீதம். இரண்டும் சேர்ந்து உள்ளே மணல் மாதிரி கார்பைடு கட்டிகளாக உட்கார்ந்திருக்கும். எண்ட் மில் என்ற வெட்டும் கருவியின் விளிம்பை அவைதான் தின்கின்றன. பி20 என்ற சாஃப்டான எஃகில் மோல்டு வேலையிலிருந்து வருகிற பசங்க அதே ஸ்பீடை வைத்து ஓட்டிவிட்டு, இன்சர்ட் (கருவியில் பொருத்தும் வெட்டு முனை) மட்டம் என்று புலம்புவார்கள். ஸ்பீடைக் குறைத்து, ஃபீடை (கருவி முன்னேறும் அளவை) குறைக்காமல் ஓட்டினால் நல்லது. விளிம்பு தேய்த்துக்கொண்டே இருக்கக்கூடாது, வெட்ட வேண்டும்.

எம்6 மரைக்கு டேப் போட நான் 5.0 டிரில் எடுப்பதில்லை, 5.1 எடுப்பேன். மரை ஆழம் கொஞ்சம் குறையும், ஸ்க்ரூ பிடிக்கத் தாராளமாகப் போதும். டேப் உடைந்து உள்ளே மாட்டினால் ஸ்பார்க் போட்டு எரித்து எடுக்க அரை நாள் போய்விடும்.

கெப்போங், கேஎல்

எங்கள் ஸ்டோரில் நடந்தது இது. எஸ்கேஎஸ் 3 என்ற இன்னொரு டூல் எஃகு, எஸ்கேடி 11 இரண்டு பாரும் ஒரே ரேக்கில் கிடந்தன. முனையில் பெயிண்ட் அடித்திருக்கும் பக்கத்தையே யாரோ பேண்ட் சாவில் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் கிடப்பதில் எது எது என்று யாருக்கும் தெரியவில்லை. பட்டறையில் இருந்த ஒரு பெரியவர் விளக்கை அணைக்கச் சொல்லி இரண்டையும் கிரைண்டரில் தொட்டுக் காட்டினார். ஒன்றில் பொறி நீளமாகப் பாய்ந்து நுனியில் பூவாக வெடித்தது. மற்றதில் குட்டையாக, மங்கலான ஆரஞ்சு நிறத்தில் வந்து சீக்கிரமே அணைந்தது. குட்டைதான் எஸ்கேடி 11, அந்தக் குரோமியம் செய்கிற வேலை.

இதைக் கண்டுபிடிக்காமல் அனுப்பியிருந்தால் இரண்டுமே வீண். எஸ்கேஎஸ் 3-க்கு 800 டிகிரி வாக்கில் சூடு, எண்ணெயில் குளிர். எஸ்கேடி 11-ஐ அந்த 800-ல் எடுத்துப் போட்டால் எதிர்பார்த்த ஹார்ட்னஸ் வராது. அன்றிலிருந்து ஸ்டோரில் ஒரு சட்டம்: பெயிண்ட் இல்லாத முனையிலிருந்துதான் அறுக்க வேண்டும்.

சிம்பாங் அம்பாட், கிரைண்டிங்

கிரைண்டிங்கில் போன பஞ்சுகளைப் (டையில் இறங்கித் தகட்டைக் குத்தி வெட்டும் துண்டு, punch) பற்றி யாரும் எழுதவில்லையே! எஸ்கேடி 11-க்கு வெள்ளை வீல், மென்மையான கிரேடு, அடிக்கடி டிரெஸ்ஸிங் (வீலின் முகத்தைச் சீவிக் கூராக்குவது), கூலண்ட் நேராக வெட்டும் இடத்தில். அவசரத்தில் ஆழமாக இறக்கினால் முகத்தில் பழுப்பு நிறத் தீற்றல் தெரியும். அதை மறுபடி மெல்லிசாகத் தேய்த்து மறைத்துவிட்டுப் பலபேர் அனுப்புகிறார்கள். நிறம் போகும், அடியில் வெந்த இடம் போகாது. பிரெஸ்ஸில் ஏறிக் கொஞ்ச நாளில் விளிம்பு வலைபோல விரிசல் விட்டுப் பொரிந்து உதிரும். அப்போதும் திட்டு வாங்குவது எஃகுதான்.

வனேடியம் அதிகம் உள்ள பவுடர் எஃகு வந்தால் வெள்ளை வீலை வைத்துப் போராடாதீர்கள். அந்தக் கார்பைடு வீலின் மணலைவிடக் கடினம். சிபிஎன் (கியூபிக் போரான் நைட்ரைடு) வீல்தான் சரி.

பாயான் லெப்பாஸ், அளவு சோதனை அறை

கிரைண்டிங்கிலிருந்து வெதுவெதுப்பாகக் கொண்டுவந்து, "அண்ணே, சீக்கிரம் அளந்து கொடுங்க" என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் அறை 20 டிகிரி, உங்கள் ஷெட் 30-க்கு மேல். 200 மில்லி பிளேட் 10 டிகிரி வித்தியாசத்துக்கே ஏறத்தாழ 20 மைக்ரான் நீளும். உங்கள் டாலரன்ஸே (அனுமதித்த அளவு வித்தியாசமே) அவ்வளவுதான். கிரானைட் மேசையில் வைத்துவிட்டு ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் டீ) குடித்துவிட்டு வாருங்கள், பெரிய பிளேட் என்றால் இரண்டு.

இன்னொன்று. 12 சதவீதம் குரோமியம் இருக்கிறதே, துருப்பிடிக்காது என்று நம்பி வெறுங்கையால் தூக்காதீர்கள். குரோமியத்தில் பெரும் பங்கு கார்பைடில் மாட்டிக்கொண்டிருக்கிறது. நம்ம ஊர் ஈரத்தில் வியர்வை விரல் பட்ட இடம் மறுநாள் காலையில் ரேகையோடு தெரியும். எண்ணெய் துடைத்து வையுங்கள்.

பட்டர்வொர்த்

கோட்டிங் போடுகிறவர்களுக்கும் ஜூரு அண்ணன் சொன்ன டெம்பர் விஷயம் பொருந்தும். டிஐஎன் (டைட்டானியம் நைட்ரைடு) கோட்டிங் அறைக்குள்ளே 450 டிகிரி வாக்கில் போகும். 200-ல் டெம்பர் செய்த பஞ்சை அங்கே அனுப்பினால் தங்க நிறத்தில் அழகாகத் திரும்பி வரும், உள்ளே மெத்தென்று ஆகி, அளவும் நகர்ந்திருக்கும். ஒரு வாடிக்கையாளரிடம் இதைப் புரியவைக்க நாங்கள் பட்ட பாடு...

பிறை, டூல் ரூம்

ஜூரு அண்ணே, நன்றி. ஆர்டர் ஃபார்மில் டெம்பர் சூட்டுக்கு ஒரு கட்டம் சேர்த்துவிட்டார்கள். தவுக்கே இப்போது டிசி 53 என்ற எஃகு வாங்கலாமா என்கிறார். விலை கூட.

ஜூரு, பழைய டை மேக்கர்

மூலை நிறைய உள்ள டை, கனமான தகடு, விளிம்பு பொரிகிற வேலை என்றால் வாங்குங்கள் தம்பி. அதில் குரோமியம் 8 சதவீதம் வாக்கில்தான், கார்பைடு கட்டிகளும் சின்னது, அதனால் சீக்கிரம் பொரியாது. 520-ல் டெம்பர் செய்தாலும் 62 நிற்கும். மெல்லிய தகடு, நேர் விளிம்பு, லட்சக்கணக்கில் ஓட்டம் என்றால் எஸ்கேடி 11 போதும். உடைந்த அந்தப் பிளேட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விரிசல் இல்லாத பக்கத்தில் சின்ன பஞ்சுக்குத் துண்டு எடுக்கலாம், ஆனால் முதலில் 520-ல் மறுபடி டெம்பர் செய்துவிட்டு வயரில் ஏற்றுங்கள்.