பீகிள்போன் பிளாக்: அட்டையில் எழுதிய புதிய யூ-பூட்டைப் பலகை கண்டுகொள்ளவில்லை

தண்டையார்பேட்டை_பட்டறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காசிமேட்டில் ஓர் ஐஸ் ஆலையின் குளிர் அறை வெப்பநிலையை இரவும் பகலும் பதிவு செய்வதற்காக பீகிள்போன் பிளாக் என்ற சிறு கணினிப் பலகை ஒன்றைப் பொருத்திக் கொடுத்திருக்கிறேன். மின்சாரம் போய்த் திரும்பும் சில வேளைகளில், பலகை லினக்ஸுக்குள் நுழையாமல், அதைத் துவக்கிவைக்கும் பூட்லோடர் நிரலான யூ-பூட்டின் கட்டளை வரியிலேயே நின்றுவிடுகிறது. பக்கத்திலேயே கம்ப்ரஸர் மோட்டார்கள் ஓடுகின்றன. கட்டளைகளைத் தட்டச்சு செய்வதற்கான, எதனோடும் இணைக்கப்படாமல் இருக்கும் சீரியல் பெறுமுனை அந்த இரைச்சலைப் பிடிப்பதாகவும், அதை யாரோ விசையை அழுத்தியதாகப் பூட்லோடர் எடுத்துக்கொள்வதாகவும் கருதுகிறேன். அதனால், காத்திருக்காமலும் விசை அழுத்தத்தைக் கவனிக்காமலும் நேரே லினக்ஸின் மையமான கர்னலுக்குச் செல்லும்படி, காத்திருப்பு மதிப்பை −2 என்று மாற்றி யூ-பூட்டைப் புதிதாகத் தொகுத்தேன்.

தொகுப்பில் சிக்கல் எதுவும் இல்லை. முதலில் ஓடும் சிறு நிரலான எம்எல்ஓ, முழு யூ-பூட்டைக் கொண்ட யூ-பூட் இமேஜ் ஆகிய இரண்டு கோப்புகளும் கிடைத்தன. மைக்ரோ எஸ்டி அட்டையில் 2048ஆம் செக்டரில் தொடங்கும் ஒரே பகிர்வை (பார்டிஷன்) உருவாக்கி, குறித்த இடத்தில் நேரடியாக எழுதும் டிடி கட்டளையால் முதல் கோப்பை 128 கிலோபைட் தள்ளியும் இரண்டாவதை 384 கிலோபைட் தள்ளியும் எழுதினேன். என் கணினியில் அட்டை எஸ்டிபி என்று தெரிவதால், எழுதும் இடமாக எஸ்டிபி1 என்று கொடுத்தேன்.

அட்டையிலிருந்து துவக்குவதற்கான எஸ்2 பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால், சீரியல் திரையில் 'சி' என்ற ஆங்கில எழுத்து மட்டும் வரிசையாக வந்துகொண்டே இருக்கிறது. பொத்தானை அழுத்தாவிட்டால் பலகை வழக்கம்போல் பழைய பூட்லோடருடன் துவங்குகிறது. பழுது அட்டையிலா, பலகையிலா என்று தெரியாமல் இரண்டு நாட்களாகத் திண்டாடுகிறேன்.

பெரம்பூர்_பெரியவர் எழுதியது:

தம்பி, பலகையில் பழுது இல்லை. உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது.

அந்த 'சி' எழுத்து பிழைச் செய்தி அன்று. சில்லுக்குள் நிரந்தரமாகப் பதிக்கப்பட்ட ரோம் நிரல், வேறெங்கும் பூட்லோடர் கிடைக்காத நிலையில், எக்ஸ்மோடம் முறையில் சீரியல் வழியே கோப்பை அனுப்பும்படி விடுக்கும் அழைப்பு அது. எஸ்2 அழுத்தப்பட்டிருந்தால் ரோம் முதலில் எஸ்பிஐ நினைவகம், பிறகு மைக்ரோ எஸ்டி அட்டை, பிறகு யூஎஸ்பி, கடைசியாகச் சீரியல் என்ற வரிசையில் தேடும். கடைசி வாசல் வரை அது வந்துவிட்டது என்றால், உங்கள் அட்டையைத் திறந்து பார்த்து, எதுவும் இல்லை என்று கடந்து வந்திருக்கிறது என்று பொருள்.

பகிர்வு எதுவும் இல்லாததுபோல் அட்டையைப் படிக்கும்போது, ரோம் அதன் தொடக்கத்திலிருந்து 0, 128, 256, 384 கிலோபைட் ஆகிய நான்கு இடங்களில் மட்டுமே எம்எல்ஓ-வைத் தேடும். நீங்கள் எழுதியதோ எஸ்டிபி1-இல், அதாவது பகிர்வுக்குள். 2048ஆம் செக்டர் என்பது 1024 கிலோபைட்; பகிர்வு அங்கே தொடங்குவதால் உங்கள் எம்எல்ஓ 1152ஆவது கிலோபைட்டில் உட்கார்ந்திருக்கிறது. கதவு எண்ணைச் சரியாக எழுதிவிட்டுத் தெருப் பெயரை மாற்றி எழுதிய தபால்போல் ஆகிவிட்டது. முழு அட்டையைக் குறிக்கும் எஸ்டிபி என்ற பெயரைக் கொடுத்து மீண்டும் எழுதுங்கள். பகிர்வுக்குள் இருந்த கோப்பு முறைமை இந்நேரம் சிதைந்திருக்கும். அதையும் புதிதாக அமைக்க வேண்டியிருக்கும்.

ஏன் இரண்டு கோப்புகள் என்று பலரும் கேட்பதால் ஒரு சொல். பலகையின் 512 மெகாபைட் டிடிஆர் நினைவகம் மின்சாரம் வந்தவுடனே பயன்பாட்டுக்கு வந்துவிடுவதில்லை. யாராவது அதை அமைத்துக் கொடுக்க வேண்டும். அதுவரை இருப்பது சில்லுக்குள் உள்ள மிகச் சிறிய நினைவகம் மட்டுமே. அதற்குள் அடங்கும் முன்னோடி நிரல்தான் எம்எல்ஓ. அது டிடிஆரை எழுப்பிவிட்டு, 384 கிலோபைட்டில் இருக்கும் முழு யூ-பூட்டை அங்கே கொண்டுவந்து வைக்கிறது.

திருவொற்றியூர்_அலைவரிசை எழுதியது:

ஐயா சொன்னது சரியே. எஸ்2 பொத்தானின் நிலை மின்சாரம் வரும் கணத்தில் மட்டுமே பதிவாகிறது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ரீசெட் பொத்தானை அழுத்தும்போது எஸ்2-ஐப் பிடித்திருந்து பயனில்லை. மின்கம்பியைக் கழற்றித்தான் மாட்ட வேண்டும். சீரியல் கேபிள் 3.3 வோல்ட் வகையாக இருக்க வேண்டும் என்பதையும் சரிபார்த்துவிடுங்கள். எங்கள் கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்றில் அதன் முனைகள் பச்சை பூத்து, பாதி எழுத்துகள் மட்டும் வந்த அனுபவம் எனக்கு உண்டு.

தண்டையார்பேட்டை_பட்டறை எழுதியது:

இருவருக்கும் நன்றி. முழு அட்டையின் பெயரைக் கொடுத்து இரண்டு கோப்புகளையும் எழுதி, அதன்பின் அதே பகிர்வில் கோப்பு முறைமையைப் புதிதாக அமைத்தேன். இப்போது 'சி' மறைந்துவிட்டது. நான் தொகுத்த தேதியுடன் எஸ்பிஎல் (எம்எல்ஓ-வில் உள்ள முன்னோடி நிரல்) வரி வருகிறது. அடுத்து, எம்எம்சி1-இலிருந்து துவங்க முயல்வதாக ஒரு வரி வருகிறது. அத்துடன் திரை உறைந்துவிடுகிறது. பலகையில் எம்எம்சி1 என்பது உள் நினைவகமான இஎம்எம்சி அல்லவா? அட்டையை விட்டு அங்கே ஏன் போகிறது?

பெரம்பூர்_பெரியவர் எழுதியது:

பெயர்க் குழப்பம் அது. சில்லின் ஆவணத்தில் அட்டைக்கு எம்எம்சி0 என்றும் இஎம்எம்சி-க்கு எம்எம்சி1 என்றும் பெயர். யூ-பூட் தன் செய்தியில் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்குவதால், அங்கே எம்எம்சி1 என்பது உங்கள் அட்டையையே குறிக்கிறது. எனவே சரியான இடத்தில்தான் தேடியிருக்கிறது. ஆனால் அங்கே கிடைத்த யூ-பூட் முழுமையாக இல்லை என்று நினைக்கிறேன்.

யூ-பூட் இமேஜின் அளவைப் பாருங்கள். 384-இல் தொடங்கும் கோப்புக்கு, 1024-இல் பகிர்வு வருமுன் 640 கிலோபைட் இடமே இருக்கிறது. கோப்பு அதைவிடப் பெரிதாக இருந்தால் அதன் வால் பகிர்வுக்குள் நீண்டிருக்கும். பிறகு கோப்பு முறைமையை அமைத்தபோது அந்த வாலின் மேலேயே எழுதியிருப்பீர்கள். பகிர்வை 4 மெகாபைட்டில் தொடங்கும்படி மாற்றுங்கள். டிடி கட்டளையில் எத்தனை தொகுதிகள் என்ற வரம்பையும் கொடுக்காதீர்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் உள்ள வரம்பு இன்றைய பெரிய கோப்பைப் பாதியில் வெட்டிவிடக்கூடும்.

தண்டையார்பேட்டை_பட்டறை எழுதியது:

கோப்பு 1 மெகாபைட்டைத் தாண்டியிருந்தது. பகிர்வை 4 மெகாபைட்டுக்கு நகர்த்திய பிறகு ஒரே முயற்சியில் லினக்ஸ் வரை சென்றது. விசைப்பலகையில் எதை அழுத்தினாலும் நிற்கவில்லை. நாளை காலை அட்டையை ஆலையில் மாட்டிவிடுகிறேன்.

திருவொற்றியூர்_அலைவரிசை எழுதியது:

பொறுங்கள், அப்படியே மாட்டினால் பழைய நோய் தொடரும். எஸ்2 அழுத்தப்படாதபோது ரோம் முதலில் பார்ப்பது இஎம்எம்சி-ஐத்தான். நள்ளிரவில் மின்சாரம் திரும்பும்போது பொத்தானை அழுத்த அங்கே யாரும் இருக்கப் போவதில்லை. பழைய பூட்லோடர் இஎம்எம்சி-யிலிருந்து எழுந்து, கர்னலை மட்டும் உங்கள் அட்டையிலிருந்து எடுத்துக்கொள்ளவும் கூடும். அப்போது எல்லாம் அட்டையிலிருந்தே துவங்கியதுபோல் தோன்றும், ஆனால் இரைச்சலில் நிற்கும் வழக்கம் அப்படியே இருக்கும். திரையின் முதல் வரியில் வரும் தொகுப்புத் தேதியைப் பார்த்தால் மட்டுமே எந்தப் பூட்லோடர் ஓடுகிறது என்பது விளங்கும்.

ஆகவே, அட்டையிலிருந்து லினக்ஸைத் துவக்கி, அதே இரண்டு கோப்புகளை அதே இடைவெளிகளில் இஎம்எம்சி-யிலும் எழுதுங்கள். சாதனப் பட்டியலில் பூட்0, பூட்1 என்ற துணைப் பெயர்களுடன் தெரிவதுதான் இஎம்எம்சி. அந்தத் துணைப் பகுதிகளில் எழுதக் கூடாது, முதன்மைப் பகுதியில்தான் எழுத வேண்டும். எழுதுமுன் அதன் முதல் பகிர்வு எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்த்துவிடுங்கள். பழைய பலகைகளில் அது மிக முன்னாலேயே தொடங்கினால் கோப்புகள் அதன்மேல் ஏறிவிடும். இந்த வேலையை ஆலையில் வைத்துச் செய்யாமல், மின்சாரம் நிலையாக இருக்கும் உங்கள் பட்டறையிலேயே முடித்துவிடுவது நல்லது.

இன்னொன்று: −2 வைத்த பிறகு கட்டளை வரிக்குள் நுழைய விசைகள் உதவா. வழக்கமான காத்திருப்புடன் தொகுத்த யூ-பூட்டை வேறோர் அட்டையில் எழுதி, பலகைப் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வைத்துவிடுங்கள். தேவைப்படும் நாளில் அதைச் செருகி, எஸ்2-ஐ அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால் போதும்.